விருந்தாளி கருத்துச் சொல்லும் முன்: பேங்காக்கில் பன்னிரண்டு ஆண்டுகள்

கோவை, திருப்பூர்ப் பகுதியிலிருந்து நூல் வாங்கித் துணி நெய்யும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை கிடைத்து, 2013 ஆகஸ்டில் நான் பேங்காக் வந்தேன். ஒன்பது மாதம் கழித்து, 2014 மே 22 அன்று மாலை, இராணுவத் தளபதி பிரயுத் சான்-ஓச்சா ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அன்றிரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை ஊரடங்கு. எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் இராணுவத்தின் அறிவிப்புகள்தாம் வந்தன. ஊரிலிருந்து அம்மாவும் மாமாவும் மாறி மாறி அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் உட்கார்ந்திருந்தபோது, "நல்லதாகப் போயிற்று. இனிக் கூட்டமும் இருக்காது, குண்டும் வெடிக்காது. நிம்மதியாக வேலைக்கு வந்து போகலாம்" என்று நான் உரக்கச் சொன்னேன். அந்த ஆண்டு ஜனவரி 13 முதல் அரசு எதிர்ப்பாளர்கள் அசோக், பதும்வான், சாலாடேங் போன்ற சந்திப்புகளில் மேடை போட்டு நகரை முடக்கியிருந்தார்கள். ஆங்காங்கே கையெறி குண்டுகளும் வீசப்பட்டன. அந்த மாதங்களில் நான் பயந்தது உண்மை, எனக்கு வந்த நிம்மதியும் உண்மை. மேசையில் இருந்த தாய்லாந்துக்காரர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. சிலர் புன்னகைத்தார்கள். எல்லோரும் என்னோடு ஒத்துப்போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் பிரிவின் மூத்த ஊழியர், கம்போடிய எல்லையை ஒட்டிய சூரின் மாகாணத்தவர். அவரை நான் அக்கா என்ற பொருள் தரும் சொல்லால் அழைப்பேன்; அவர் என்னை 'நோங்' என்பார், அதாவது இளையவர். இரண்டு வாரம் கழித்து ரயில் நிலையம் வரை சேர்ந்து நடந்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்கா சொன்னார்: "பிப்ரவரியில் ஓட்டுப் போடுவதற்காக ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போனேன், நோங். மார்ச் மாதம் அந்தத் தேர்தலே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இப்போது மே மாதம் இது. உங்களுக்கு நிம்மதி என்றால் எனக்கும் சந்தோஷம்தான்." கடைசி வாக்கியத்தை அவர் மனமாரத்தான் சொன்னார். என் பயம் அவருக்குப் புரிந்திருந்தது. அவருடைய இழப்பு எனக்குத்தான் தோன்றவே இல்லை.

இந்நாட்டில் வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதிரில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எண்ணாதீர்கள். 'கிரெங் ஜை' என்று தாய்லாந்து மொழியில் ஒரு சொல் உண்டு. பிறர் மனம் நோகக்கூடாது, பிறருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்ற தயக்கம் அது. தமிழில் தாட்சண்யம் என்பது ஓரளவு அருகில் வரும். வெளிநாட்டவர் ஒருவர் நாட்டைப் பற்றித் தவறாகவே பேசினாலும், பலர் நடுவே அவரை மறுத்து முகம் வாடச் செய்வது இங்கே பண்பாகக் கருதப்படுவதில்லை. அதனால்தான் பத்து, இருபது ஆண்டுகள் இங்கே இருந்தவர்கள்கூட "என் தாய்லாந்து நண்பர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்" என்று முழு நம்பிக்கையோடு சொல்கிறார்கள். உண்மையில் ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதைத் தனிமையில், நடந்துகொண்டிருக்கும்போது, அவரே பேச்சைத் தொடங்கினால்தான் கேட்க முடியும். அதற்கு மாதங்கள் ஆகும், சில நேரம் ஆண்டுகளும் ஆகும்.

வெளிநாட்டவர்களின் கருத்துகளைத் தொடர்ந்து கேட்டுவந்ததில் இன்னொன்றும் புலப்பட்டது. ஒருவர் இந்நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய விசாவே தீர்மானிக்கிறது. ஐம்பது வயதைக் கடந்து, வங்கியில் எட்டு லட்சம் பாட் வைத்து, ஓய்வுக்கால அனுமதியில் ஹுவா ஹின்னிலோ சியாங் மாயிலோ வாழும் ஐரோப்பியர், இந்நாட்டு நாணயமான பாட்டின் மதிப்பையும் வரியையும் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருப்பவர் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும் வரி உண்டு என்று 2024 ஜனவரி முதல் விதி மாறியபோது, அவர்களுடைய பேச்சு முழுவதும் அதுவாகவே இருந்தது. என்னைப் போல் நிறுவனத்தின் பேரில் இருப்பவருக்கு வேறு கவலை: ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு நான்கு தாய்லாந்து ஊழியர் வேண்டும் என்ற விகிதம், வேலை போனால் அதோடு போய்விடும் விசா. சுற்றுலாவாக வந்து தங்கிவிட நினைப்பவருக்கு, இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் 30 நாளாகத் தொடங்கி 2024 ஜூலையில் 60 நாளாக நீண்ட விசா விலக்குதான் செய்தி. அவரவர் கவலை நியாயமானது. அந்தக் கவலையை நாட்டின் நிலவரம் என்று பெயர் மாற்றிச் சொல்வதுதான் பிழை.

காகித வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்நாட்டின் மீது வெளிநாட்டவருக்கு வரும் கசப்பில் பெரும் பங்கு அங்கேதான் உருவாகிறது. எனக்கும் அந்தக் கசப்பு இருந்தது. பின்னர் திரும்பிப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி என்னுடைய அறியாமை.

2017இல் ஒரு நள்ளிரவு, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. கிடைத்த விமானத்தில் ஏறினேன். மறுநுழைவு அனுமதி வாங்கவேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை. ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்ட விசா நம்மிடம் இருந்தாலும், இந்த அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த நீட்டிப்பு அந்தக் கணமே ரத்தாகிவிடும். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் புதிதாக விசாவுக்கு விண்ணப்பித்து, திரும்பி வந்து, வேலை அனுமதியையும் முதலிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று. ஒருமுறை வெளியே போய்வர 1,000 பாட், எத்தனை முறையும் போய்வர 3,800 பாட். விசாவை நீட்டிக்கும் அன்றே 3,800 பாட் அனுமதியையும் வாங்கிவிடுங்கள். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். அவசரத்தில் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே வாங்கவும் முடியும் என்பது எனக்கு அன்று தெரியாது.

அடுத்தது தொண்ணூறு நாள் அறிவிப்பு. தொடர்ந்து தொண்ணூறு நாள் நாட்டில் இருந்தால் எங்கே குடியிருக்கிறோம் என்று குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். கெடு நாளுக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து ஏழு நாள் பின்பு வரை நேரில் கொடுக்கலாம். இடையில் நாட்டை விட்டுப் போய்வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தவறவிட்டு நாமாகப் போய்ச் சொன்னால் அபராதம் 2,000 பாட். நான் ஒருமுறை கட்டியிருக்கிறேன். இதோடு பலர் குழப்பிக்கொள்வது டி.எம். 30 என்னும் படிவத்தை. அது வீட்டுக்காரர் தரவேண்டியது: தம் இடத்தில் வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தெரிவிக்கவேண்டும். வீட்டு உரிமையாளர் அதைச் செய்யாமல் விட்டால், விசா நீட்டிக்கப் போகும் நாளில் வரிசையில் நின்று திரும்பி வருபவர் வாடகைதாரர்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் படிவத்தைப் பதிவு செய்து ரசீது தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தயங்குபவரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அதே முகவரிக்குத் திரும்பி வரும்போதெல்லாம் மறுபடி தெரிவிக்கவேண்டியதில்லை என்று 2020இல் விதி தளர்ந்தது பெரிய ஆறுதல்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் முழுமையாகாது. 'க்ளை' என்று ஒரு சொல். ஒரு தொனியில் சொன்னால் அருகில், இன்னொரு தொனியில் சொன்னால் தொலைவில். முதல் ஆண்டில் மருத்துவமனைக்கு வழி கேட்டு, அருகில் என்று புரிந்துகொண்டு, காய்ச்சலோடு வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறேன். ஐந்து தொனிகளையும் காது பிரித்தறிய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் ஓராண்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதன்று, அந்த எழுத்தும் தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழிவந்ததுதான். படிக்கத் தொடங்கிய பிறகே நாட்டு நடப்பு எனக்குத் திறந்தது. ஆங்கில நாளிதழ்கள் பயனுள்ளவை, ஆனால் அவை வெளிநாட்டவருக்கு எது தேவை என்று தேர்ந்தெடுத்துத் தருபவை. மதிய உணவு வேளையில் அக்கா படித்துக்காட்டும் செய்திகளில் நெல் விலையும் வீட்டுக் கடனும் ஊராட்சித் தேர்தலும் முதலில் வரும்.

படிக்கத் தெரிந்தால் கசப்பும் குறையும். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் இருப்பது நிரந்தரமான குறை. காவ் யாய் பூங்காவில் உள்ளூர்க்காரருக்கு 40 பாட், வெளிநாட்டவருக்கு 400 பாட். பல இடங்களில் உள்ளூர்க் கட்டணம் தாய்லாந்து எண்களில் எழுதப்பட்டிருக்கும், அதைப் படித்துவிட்ட நாளில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் வாங்குகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. சில இடங்களில் வேலை அனுமதியைக் காட்டி, உள்ளூர் மொழியில் பணிவாகக் கேட்டால் உள்ளூர்க் கட்டணமே வாங்கிக்கொள்வார்கள். மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் கட்டிவிடுவதே சரி என்பது என் முடிவு.

நம்மைக் குறிக்க அவர்கள் பயன்படுத்தும் 'கேக்' என்ற சொல்லைப் பற்றியும் புதிதாக வருபவர்கள் மனம் வருந்துவதுண்டு. அதன் முதற்பொருள் விருந்தாளி. இந்தியர், மலாய்க்காரர், அரபியர் எல்லோருக்கும் பொதுவாக வழங்குகிறது. சிலர் வாயில் அது இளக்காரமாகவும் ஒலிப்பதை நானே கேட்டிருக்கிறேன். வீட்டு வாடகைக்குப் போனபோது தொலைபேசியில் அந்தச் சொல்லோடு மறுப்பும் வந்திருக்கிறது. ஆனால் சீலோம் சாலையில், பான் தெரு முனையில், தமிழர்கள் 1879இல் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் மக்கள் 'வாட் கேக்' என்றே அன்போடு அழைக்கிறார்கள். நவராத்திரியின் கடைசி நாள் இரவு அம்மன் வீதியுலா வரும்போது, சீலோம் சாலை நெடுக விளக்கும் சாமந்தியும் வைத்துக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களே. முதன்முதலாக அந்தக் கூட்டத்தில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே சொல் இரண்டு முகத்தோடும் இருக்கிறது; எந்த முகம் என்பது சொல்பவரையும் இடத்தையும் பொறுத்தது என்று ஏற்றுக்கொண்டேன்.

சொல்லக்கூடாத கருத்துகளும் இங்கே உண்டு, இதைத் தெளிவாகவே சொல்லவேண்டும். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு மன்னர், அரசி, பட்டத்து வாரிசு ஆகியோரை அவமதிப்பதற்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வெளிநாட்டவருக்கு விலக்கு இல்லை. கணினிக் குற்றச் சட்டமும் கூடவே இருப்பதால், நாம் எழுதாமல் பிறர் எழுதியதைப் பகிர்ந்தாலும் சிக்கல் வரலாம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலித்தால் நின்றுவிடுங்கள். 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் மறைந்த பிறகு இந்த நகரமே கறுப்பு உடைக்கு மாறியதையும், அலுவலகத்தில் நடுவயது ஆண்கள் அழுததையும் நான் பார்த்தேன். அதே நாட்டில் 2020இல் மாணவர்கள் முடியாட்சியைச் சீர்திருத்தவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டதையும் பார்த்தேன். இரண்டும் இந்த மக்களுடையவை. இவற்றுக்கு நடுவே எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடம் என்னுடையதன்று.

பேசவேண்டிய இடம் என்று நான் நினைப்பது காற்று. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நகரின் மேல் காற்று அசையாமல் நிற்க, வாகனப் புகையோடு நெல் தாளும் கரும்புத் தோகையும் எரியும் புகை சேர்ந்து, பி.எம். 2.5 நுண்துகள் அளவு ஏறிவிடுகிறது. தாய்லாந்தின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 37.5 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பின் அளவோ 15. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை மூடி, ரயில்களிலும் பேருந்துகளிலும் ஒரு வாரம் இலவசப் பயணம் அளித்தார்கள். இந்தப் புகையை நானும் சுவாசிக்கிறேன், எங்கள் நிறுவனத்தின் டீசல் லாரிகளும் அதில் சேர்க்கின்றன. எனவே இதைப் பற்றிப் பேசவும், முதலில் எங்கள் லாரிகளைப் பற்றிப் பேசவும் எனக்குக் கடமை இருக்கிறது. நடைமுறையில் உதவுவது: அரசின் ஏர்4தாய் செயலியில் காலையில் அளவைப் பார்ப்பது, என்95 முகக்கவசம், படுக்கையறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பான். வாடகை வீடு பார்க்கும்போது சன்னல்கள் இறுக மூடுகின்றனவா என்றும் பாருங்கள்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி அளவில், பதினான்காவது மாடியில், நீர்க்குடுவை சாய்வதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம். படியிறங்கிக் கீழே வந்தபோது கால் நடுக்கம் நிற்கவில்லை. சதுசாக் அருகே கட்டிக்கொண்டிருந்த அரசு தணிக்கை அலுவலகக் கோபுரம் இடிந்து விழுந்த செய்தி சிறிது நேரத்தில் வந்தது. ரயில்கள் நின்றுவிட்டன. நான் மூன்றரை மணி நேரம் நடந்து வீடு சேர்ந்தேன். வழியில் முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். அன்று இரவு வெளிநாட்டவர் குழுக்களில் அடுத்த அதிர்வு எத்தனை மணிக்கு என்று துல்லியமாகச் சொல்லும் செய்திகள் பரவின. நிலநடுக்கத்தின் நேரத்தை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படி வந்த ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் கைக்குழந்தையோடு இரவு முழுவதும் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு, அனுப்பியவர் யார் என்று தெரியாத எதையும் நான் பகிர்வதில்லை.

நான்கு மாதம் கழித்து எல்லையில் போர் வந்தது. 2025 ஜூலை 24 முதல் 28 வரை ஐந்து நாள், தாய்லாந்தும் கம்போடியாவும் ஒன்றையொன்று பீரங்கியாலும் ராக்கெட்டாலும் தாக்கிக்கொண்டன. தாய்லாந்தின் போர் விமானங்களும் பறந்தன. அதற்கு முன்பே, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு தாய்லாந்துப் பிரதமர் பெதோங்தான் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்து, ஜூலை 1 அன்று அவர் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 29 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவரை நீக்கியது. எங்கள் வட்டாரத்தில் எல்லோரிடமும் கருத்து இருந்தது. 1962இல் பன்னாட்டு நீதிமன்றம் பிரியா விகியார் கோயிலைக் கம்போடியாவுக்குத் தந்தது சரியா, இப்போது யார் முதலில் சுட்டது, பாட் விழுமா, விமானங்கள் ரத்தாகுமா என்று வார இறுதி முழுவதும் பேசினார்கள். என்னிடமும் கேட்டார்கள். 2014இன் மதிய உணவு மேசை என் கண்முன் வந்து நின்றது.

அக்காவின் அம்மா வீடு சூரினில், எல்லையிலிருந்து பீரங்கி எட்டும் தூரத்தில் இருக்கிறது. முதல் நாளே ஊரைக் காலி செய்யச் சொல்லி, ஒரு பள்ளிக்கூடத் தரையில் பாயோடு தங்க வைத்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் பழகியும் எனக்குத் தெரியாதிருந்த ஒன்றை அக்கா அப்போதுதான் சொன்னார்: அவர்கள் வீட்டில் பேசுவது கெமர் மொழி. சூரினில் பல லட்சம் பேருக்கு அதுதான் வீட்டு மொழி. எல்லைக்கு அப்பால் அம்மாவின் ஒன்றுவிட்ட உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அந்த வாரம் வீட்டை விட்டு ஓடியிருப்பார்கள். பேங்காக்கில் டாக்சியில் போகும்போது அம்மாவோடு தொலைபேசியில் கெமரில் பேச அக்காவுக்குப் பயமாக இருந்தது. "நீங்கள் யார் பக்கம் என்று ஓட்டுநர் கேட்டால் என்ன சொல்வது, நோங்?" என்றார். அவருடைய அண்ணன் மகன் தாய்லாந்து இராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தான்.

நான் எதையும் சொல்லவில்லை. அந்த வாரம் அவருடைய வேலையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என்ன தேவை என்று கேட்டு, கொசுவலையும் வயதானவர்களுக்கான டயப்பரும் எங்கள் அலுவலகத்திலிருந்து அனுப்பினோம். இந்த இரண்டும் வேண்டும் என்று அக்கா கேட்டுச் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் உடனடி நூடுல்ஸ் பெட்டிகளைத்தான் அனுப்பியிருப்போம், அது அங்கே ஏற்கெனவே குவிந்துகிடந்தது. சண்டை நின்ற இரண்டாம் நாள் அக்கா தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திரையில் அம்மா. உடல்நிலை எப்படி, வீடு எப்படி என்று நான் மனத்துக்குள் வாக்கியத்தைத் தொனியோடு அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் முந்திக்கொண்டு, இந்நாட்டில் யாரும் யாரையும் நலம் விசாரிக்கும் அதே சொற்களில், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டார்.

டிசம்பரில் சண்டை மீண்டும் மூண்டு, அவர் இரண்டாம் முறையாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அறுவடை அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆண்டுதோறும் அவர் அனுப்பும் மல்லிகை அரிசி மூட்டை இந்த முறை ஜனவரி கடைசியில்தான் வந்து சேர்ந்தது. அக்கா அதை அலுவலகத்தில் பங்கு போட்டுக் கொடுத்தார். என் பங்கு மூன்று கிலோ.